சிறுவயதில் ஒரு வழக்கு, இப்போது துப்பாக்கி லைசென்ஸ்: பெங்களூரில் விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2017-ல் தமிழ்நாட்டில் எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் ஓர் அடிதடி நடந்தது. எனக்கு அப்போது பதினாறு வயது. பெரியப்பா மகன்கள் இரண்டு பேரோடு என் பெயரும் வழக்கில் ஏறிவிட்டது. 2018 மார்ச்சில், சிறார் வழக்குகளை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமம் என்னைக் கண்டித்து, அறிவுரை சொல்லி, அப்பாவோடு வீட்டுக்கு அனுப்பியது. அதோடு முடிந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அப்பாவுக்குப் பெங்களூர் நகரத்பேட்டையில் சின்ன நகைப்பட்டறை. செய்த நகையை ஹால்மார்க் சென்டருக்கும் கடைகளுக்கும் கொண்டுபோகிற வேலை என்னுடையது. அந்த வேலைக்காக 2024 ஜனவரியில் கைத்துப்பாக்கி லைசென்ஸுக்கு விண்ணப்பித்தேன். நவம்பரில்தான் கையில் கிடைத்தது. அந்தப் பத்து மாதத்தில் ஆறு மாதமாவது, விஷயம் தெரிந்திருந்தால் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கும் பதினெட்டு வயதுக்கு முந்தைய வழக்கு ஒன்று இருந்தால், விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன் முதல் மூன்று படிகளை முடித்துவிடுங்கள்.

1. உங்கள் பழைய வழக்கு எந்த வகை என்று முதலில் பாருங்கள்

ஆயுதச் சட்டம் 1959-ன் 9-ஆம் பிரிவு யாரெல்லாம் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சொல்கிறது. 21 வயது ஆகாதவர்கள் கூடாது. வன்முறை அல்லது ஒழுக்கக்கேடு சம்பந்தப்பட்ட குற்றத்தில் சிறைத்தண்டனை பெற்றவர்கள், தண்டனை முடிந்து ஐந்து வருடம் ஆகும்வரை கூடாது. அமைதி காப்பேன், நன்னடத்தையோடு இருப்பேன் என்று பிணைப்பத்திரம் எழுதிக்கொடுக்க உத்தரவிடப்பட்டவர்கள், அந்தப் பத்திரத்தின் காலம் முடியும்வரை கூடாது.

இதைப் படித்தவுடன் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 24-ஆம் பிரிவு நமக்காகவே இருக்கிறது. வேறு எந்தச் சட்டத்தில் என்ன இருந்தாலும், இந்தச் சட்டத்தின் கீழ் விசாரிக்கப்பட்ட சிறாருக்கு, குற்றத்தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு எதுவும் கிடையாது என்கிறது அது. ஆயுதச் சட்டம் விதிக்கிற தகுதியிழப்பும் இதில் அடங்கும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருடமோ அதற்கு மேலோ உள்ள கொடுங்குற்றத்தில், பதினாறு வயது நிரம்பிய சிறாரைச் சிறார் நீதிமன்றம் பெரியவர்போல் வைத்து விசாரித்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தால், இந்தப் பாதுகாப்பு கிடையாது. உங்கள் வழக்கு அப்படிப்பட்டது என்றால் இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு இறங்காதீர்கள், குற்றவியல் வக்கீல் ஒருவரை நேரில் பாருங்கள். அதேபோல், சம்பவம் நடந்த அன்று உங்களுக்குப் பதினெட்டு முடிந்திருந்தால் அது சிறார் வழக்கே இல்லை. கணக்கில் வருவது சம்பவ தேதிதான். கைதான தேதியும் தீர்ப்புத் தேதியும் கணக்கில் வராது.

தகுதியிழப்பு இல்லை என்பதாலேயே லைசென்ஸ் உறுதி என்று ஆகிவிடாது. ஆயுதச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, நீங்கள் இந்தச் சட்டத்தின் நோக்கில் 'ஏற்றவர் அல்ல' என்று நினைத்தாலோ, பொது அமைதிக்கு அவசியம் என்று நினைத்தாலோ அதிகாரி மறுக்கலாம். பழைய வழக்கு நம்மைப் பிடிப்பது இந்த வழியில்தான். அதற்குப் பதில் வைத்திருப்பதே இனி வரும் படிகளின் வேலை.

2. நீதிக் குழும உத்தரவின் சான்றிட்ட நகலை உடனே வாங்குங்கள்

எல்லாவற்றையும்விட முக்கியமான காகிதம் இது. நான் இதைக் கடைசியில்தான் வாங்கினேன். அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

மத்திய அரசின் 2016 இளைஞர் நீதி மாதிரி விதிகளில் 14-ஆம் விதி, சிறார் வழக்கின் பதிவுகளை மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரையோ ஏழு வருடமோ பத்திரமாக வைத்திருந்து, அதற்குப் பிறகு அழித்துவிட வேண்டும் என்கிறது. நமக்கு நல்லதுதான். ஆனால் அழித்த பிறகு நகலும் கிடைக்காது. வழக்கின் மற்ற தடயங்கள் வேறு இடங்களில் மிஞ்சியிருந்தால் (அடுத்த படியில் சொல்கிறேன்), வழக்கு எப்படி முடிந்தது என்று காட்ட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. எனவே ஏழு வருடம் ஆவதற்குள் நகலை வாங்கிவிடுங்கள். ஏழு தாண்டியிருந்தால், பதிவுகள் அழிக்கப்பட்டுவிட்டன என்று குழுமத்திடம் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். அழிக்கவில்லை என்றால், முதலில் நகலை வாங்கிக்கொண்டு, பிறகு அழிக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

நகலுக்கு மனுப் போட வேண்டியது வழக்கு நடந்த மாவட்டத்தின் குழுமத்தில். பெங்களூரில் இல்லை. நான் இரண்டு முறை ஊருக்குப் போனேன். முதல் முறை வழக்கு எண் தெரியாமல் போய் வெறுங்கையோடு திரும்பினேன். அன்று எங்கள் வழக்கைப் பார்த்த நன்னடத்தை அலுவலரின் பழைய கடிதம் ஒன்று அம்மாவின் பீரோவில் இருந்தது. அதில் எண் இருந்தது. வீட்டில் இருக்கிற பழைய காகிதங்களை ஒருமுறை நன்றாகத் துழாவிவிட்டுப் பஸ் ஏறுங்கள். எடுத்துப்போக வேண்டியவை: ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், வழக்கு எண், பாஸ்போர்ட் அளவு புகைப்படம் இரண்டு. இரண்டாம் முறை போய் மனுக் கொடுத்து, பதினேழாம் நாள் நகல் வந்தது.

இங்கே தமிழ்நாட்டுக்காரர்கள் மட்டும் மாட்டிக்கொள்கிற ஒரு பொறி இருக்கிறது. என் உத்தரவு மூன்று பக்கம், முழுக்கத் தமிழ். கடைசிப் பக்கத்தில் ஊதா நிற முத்திரை, அதன் மேல் குறுக்காக ஒரு கையெழுத்து. பெங்களூரில் காவல் நிலைய ரைட்டர் அதை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, 'இதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வது?' என்று கன்னடத்தில் கேட்டார். அவர் கேட்டது நியாயம். ஆங்கில மொழிபெயர்ப்பும் அதற்கு நோட்டரி சான்றும் இல்லாமல் அந்தக் காகிதத்துக்கு இங்கே மதிப்பில்லை. மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லை மட்டும் உங்கள் கண்ணால் சரிபாருங்கள். குழுமம் சிறாருக்குத் 'தண்டனை' விதிப்பதில்லை, உத்தரவு பிறப்பிக்கிறது. என் முதல் மொழிபெயர்ப்பாளர் 'குற்றவாளி எனத் தண்டிக்கப்பட்டார்' என்ற பொருளில் எழுதிவிட்டார். மூலத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. திருத்தி வாங்க இன்னொரு வாரம் போனது.

பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் இதோடு சேர்த்து வையுங்கள். சம்பவத்தன்று நீங்கள் சிறார்தான் என்று காட்ட, இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு முதலிடம் தருவது பள்ளிச் சான்றுக்கும் மெட்ரிகுலேஷன் சான்றிதழுக்கும்தான்.

3. உங்கள் பெயர் வேறு எங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடுங்கள்

சிறார் தனியாகச் செய்த சாதாரணக் குற்றம் என்றால், விதிப்படி எஃப்.ஐ.ஆரே போடக் கூடாது. நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எழுதுவதோடு சரி. எஃப்.ஐ.ஆர். போடுவது இரண்டு சமயங்களில்: கொடுங்குற்றமாக இருந்தால், அல்லது பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகப் புகார் இருந்தால். என் விஷயம் இரண்டாவது. என் வழக்கு குழுமத்துக்குப் பிரிந்து போய் முடிந்துவிட்டது. அண்ணன்மார்களின் வழக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தனியாக நடந்தது. ஆனால் எஃப்.ஐ.ஆர். ஒன்றுதான். அதில் மூன்றாவது பெயர் என்னுடையது. போலீஸின் கணினி வலையான சி.சி.டி.என்.எஸ்ஸில் தேடினால் அது வந்துவிடுகிறது.

ஆகவே, திருவிழாச் சண்டை, கல்லூரிப் பஸ் தகராறு, நிலத் தகராறு என்று பெரியவர்கள் கூட இருந்த வழக்கு எதுவானாலும், எஃப்.ஐ.ஆர். நகலைப் பாருங்கள். பெரியவர்களின் வழக்கு என்ன ஆனது என்று நீதிமன்ற வழக்கு விவரங்கள் உள்ள இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெயரையும் வழக்கு எண்ணையும் போட்டுப் பாருங்கள். அந்தத் தீர்ப்பின் நகலும் ஒன்று வாங்கி வையுங்கள். எங்கள் அண்ணன்மார் 2022-ல் விடுதலை ஆனார்கள். அந்தத் தீர்ப்பில் என் பெயர் வருகிற வரி, 'இவரது வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பப்பட்டது' என்பது மட்டும்தான். பின்னால் எனக்குக் கைகொடுத்தது அந்த ஒரு வரி.

பெரியவர்கள் யாரும் இல்லை, எஃப்.ஐ.ஆரும் இல்லை, வழக்கு எப்போதோ முடிந்தது என்றால், நீங்களாகப் போய் அதைக் கிளற வேண்டியதில்லை. முடிந்த சிறார் வழக்கின் பதிவை நன்னடத்தைச் சான்றுக்காகவோ வேறு எதற்காகவோ போலீஸ் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 7-ஆம் படியில் மறுபடி வரும்.

4. துப்பாக்கி தேவை என்பதற்கு என்ன ஆதாரம்?

நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை இல்லை. அரசு கொடுக்கிற அனுமதி. பழைய வழக்கு உள்ளவருக்கு இந்தப் படி மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கனமாக இருக்க வேண்டும். ஆயுத விதிகள் 2016, தொழிலின் தன்மையாலேயே உயிரையும் உடைமையையும் காக்க வேண்டிய உண்மையான தேவை உள்ளவர்களைக் குறிப்பிட்டுச் சொல்கிறது. அந்தத் தேவையைக் காகிதத்தில் காட்டுங்கள்: ஜி.எஸ்.டி. பதிவு, தொழில் லைசென்ஸ், மூன்று வருட வருமான வரிக் கணக்கு, சரக்குக்கு எடுத்த இன்சூரன்ஸ், நகை கொண்டுபோன டெலிவரி சலான்கள். வழிப்பறி முயற்சி, மிரட்டல் என்று ஏதாவது நடந்து புகார் கொடுத்திருந்தால் அதன் ரசீது இதையெல்லாம்விடப் பலமானது. எங்கள் பட்டறைப் பையனை 2023-ல் பைக்கில் வந்த இரண்டு பேர் பையோடு இழுத்துத் தள்ளினார்கள். பை தப்பியது, பையனுக்கு மணிக்கட்டு முறிந்தது. அந்தப் புகார்தான் என் மனுவின் முதல் இணைப்பு.

ஒன்று மனதாரச் சொல்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் சரக்கு போகிறது என்றால், லைசென்ஸ் பெற்ற செக்யூரிட்டி ஏஜென்சியிடம் ஆளும் வண்டியும் எடுத்துக்கொள்வது மலிவு, நிம்மதியும்கூட. வீட்டில் துப்பாக்கி இருப்பது தினமும் சுமக்கிற பொறுப்பு. கோபம் சட்டென்று ஏறுகிறவர் என்றோ, வீட்டில் யாராவது குடிக்கிறார்கள், மனம் உடைந்திருக்கிறார்கள் என்றோ தெரிந்தால் விண்ணப்பிக்கவே வேண்டாம். சிறுவயதில் ஒரு அடிதடியில் நின்ற நமக்கு இது மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

5. பயிற்சியும் மருத்துவச் சான்றும்

பயிற்சிச் சான்று எஸ்-1 படிவத்தில் வேண்டும். பாதுகாப்பாகக் கையாள்வது, சுடுவது, பராமரிப்பது, பூட்டி வைப்பது, எடுத்துச்செல்வது எல்லாம் அதில் அடங்கும். கர்நாடகப் போலீஸார் பொதுமக்களுக்காக 'நாகரிக பந்தூக்கு தரபேதி' என்ற பெயரில் பயிற்சி நடத்துவது உண்டு. எப்போதும் நடக்காது, அறிவிப்பு வரும்போது பெயர் கொடுக்க வேண்டும். எனவே இதை முதல் மாதத்திலேயே விசாரித்து வையுங்கள்.

மருத்துவச் சான்று எஸ்-3 படிவத்தில். உடல்நலம், மனநலம் இரண்டும் வேண்டும், போதைப் பழக்கம் இல்லை என்பதையும் தனியாகக் குறிப்பிட வேண்டும். வெறுமனே 'ஃபிட்' என்று எழுதிய கிளினிக் சீட்டைக் கொண்டுபோய்த் திரும்பி வராதீர்கள். படிவத்தை நீங்களே அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.

6. விண்ணப்பமும் அந்த ஒரு கேள்வியும்

விண்ணப்பம் ஏ-1 படிவம். உள்துறை அமைச்சகத்தின் என்.டி.ஏ.எல்.-ஏ.எல்.ஐ.எஸ். என்ற ஆயுத லைசென்ஸ் இணையதளத்தில் நிரப்பி, அச்செடுத்து, இணைப்புகளோடு கொடுக்க வேண்டும். பெங்களூர் நகர எல்லைக்குள் லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரம் நகரக் காவல் ஆணையருக்கு. அலுவலகம் இன்ஃபன்ட்ரி ரோட்டில். நகருக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்தந்த மாவட்ட அதிகாரி.

இணைப்புகள்: வெள்ளைப் பின்னணியில் நான்கு புகைப்படம், பிறந்த தேதிச் சான்று, ஆதார், முகவரிச் சான்று, எஸ்-1, எஸ்-3, ஆயுதத்தைப் பத்திரமாக வைத்துப் பயன்படுத்துவேன் என்ற உறுதிமொழி, தொழில் சான்றுகள். வாடகை வீடு என்றால் பதிவு செய்த வாடகை ஒப்பந்தம். வெறும் பாண்டுப் பேப்பர் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு விசாரணை அதிகாரியிடம் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள்.

இப்போது அந்தக் கேள்வி. தண்டனை பெற்றவரா, பிணைப்பத்திரம் எழுத உத்தரவு வந்ததா, ஆயுதம் வைக்கத் தடை செய்யப்பட்டவரா என்று படிவம் கேட்கிறது. நான் மூன்றுக்கும் 'இல்லை' என்று எழுதினேன். சட்டப்படி அது சரி. என் தவறு வேறு. எஃப்.ஐ.ஆரில் பெயர் இருப்பது தெரிந்தும், துணைக்கு ஒரு காகிதம்கூட வைக்கவில்லை. ஊரிலிருந்து போலீஸ் அறிக்கை 'ஒரு வழக்கு உண்டு' என்று வந்ததும், நான் மறைத்துவிட்டதாகத் தோன்றிவிட்டது. தகவலை மறைத்து வாங்கிய லைசென்ஸை ஆயுதச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின் கீழ் பிற்காலத்தில் ரத்து செய்யவும் முடியும். எனவே இந்தச் சந்தேகத்துக்கு இடமே கொடுக்கக் கூடாது.

வக்கீல் பிறகு செய்துகொடுத்த வழி இது. பெரியவர்களோடு சேர்ந்த எஃப்.ஐ.ஆர். இருப்பவர்கள் இதை முதல் நாளே செய்யுங்கள். படிவத்தில் கேட்டதற்கு மட்டும் சரியான பதில். அதோடு லைசென்ஸ் அதிகாரியின் பெயருக்கு ஒரு பக்கக் கடிதம்: சம்பவ தேதி, அன்றைய வயது, குழுமத்தின் உத்தரவு எண், தேதி, என்ன உத்தரவு, 24-ஆம் பிரிவின்படி தகுதியிழப்பு இல்லை என்ற வரி. சான்றிட்ட நகல், மொழிபெயர்ப்பு, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மூன்றையும் சேர்த்து, ஒட்டிய உறையில், 'ரகசியம், சிறார் வழக்குப் பதிவு' என்று மேலே எழுதி, ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். கடிதத்தில் நியாயம் பேசாதீர்கள். யார் முதலில் அடித்தது என்ற கதை அங்கே யாருக்கும் வேண்டியதில்லை.

பிணைப்பத்திரக் கேள்வியில் கொஞ்சம் நிதானம் வேண்டும். குழுமம் நன்னடத்தையின் பேரில் விடும்போது பெற்றோரிடம் வாங்குகிற உறுதிப்பத்திரம் வேறு, படிவம் கேட்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்துப் பத்திரம் வேறு. பதினெட்டுக்கு மேல் ஊர்த் தகராறு எதிலாவது ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) முன்னால் அமைதிப் பத்திரம் எழுதிக்கொடுத்திருந்தால், அதை 'இல்லை' என்று எழுதக் கூடாது.

7. போலீஸ் விசாரணை

உங்கள் காவல் நிலையத்திலிருந்து வீட்டுக்கும் கடைக்கும் வருவார்கள். எங்கள் பட்டறைக்கு வந்த கான்ஸ்டபிள் முதலில் பார்த்தது லாக்கரைத்தான். அது சுவரோடு போல்ட் போட்டிருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்த்தார். சாவி யாரிடம் இருக்கும், ராத்திரி பட்டறையில் யார் படுப்பார்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவிடமும் விசாரித்தார். பக்கத்தில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். துப்பாக்கி என்று போலீஸ் வந்து கேட்டால் யாருமே மிரண்டுபோவார்கள்.

நிரந்தர முகவரி ஊரில் என்றால் அங்கேயும் விசாரணை போகும். எனக்குச் சிக்கல் வந்தது இங்கேதான். ஊர்ப்பக்கத்து நிலையம் ஒன்று, வழக்கு சிறார் வழக்கு என்பதையோ முடிந்துவிட்டது என்பதையோ குறிப்பிடாமல், குற்ற எண்ணை மட்டும் எழுதி அனுப்பிவிட்டது. கோப்பு அங்கேயே நின்றது.

அப்படி நடந்தால் நிலையத்தில் போய்ச் சண்டை போடாதீர்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் கீழ் சிறப்புச் சிறார் காவல் பிரிவு ஒன்று உண்டு. அதற்கும் மாவட்ட எஸ்.பி.க்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். 74-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவைச் சொல்லி, திருத்திய அறிக்கை அனுப்பக் கேளுங்கள். குழும உத்தரவின் நகலை இணையுங்கள். பெங்களூரில் லைசென்ஸ் அதிகாரிக்கும் ஒரு நகல் கொடுத்து முத்திரை வாங்குங்கள். எனக்குத் திருத்திய அறிக்கை வர ஒன்பது வாரம் ஆனது.

இன்னொரு துணையும் உண்டு. சிறார் வயதில் நடந்த குற்றத்தை வைத்து ஒருவருக்கு மத்திய ஆயுதப் படை வேலையை மறுக்கக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் ரமேஷ் பிஷ்னோய் வழக்கில் சொல்லியிருக்கிறது. அது வேலை பற்றிய தீர்ப்பு, லைசென்ஸ் பற்றியது இல்லை. ஆனாலும் நேர்காணலில் அதிகாரி கேட்டபோது வக்கீல் தயாரித்த குறிப்பில் அது இருந்தது உதவியாக இருந்தது.

8. எவ்வளவு நாள், எவ்வளவு பணம்

விதிப்படி போலீஸ் அறிக்கைக்கு 30 நாள், அறிக்கை வந்தபின் முடிவெடுக்க 60 நாள். அறிக்கை கெடுவுக்குள் வராவிட்டால், அதற்குக் காத்திராமலே அதிகாரி முடிவெடுக்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. நடைமுறையில், ஊர் விசாரணையும் சேர்ந்தால் ஆறு மாதம் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

தேர்தலைக் கணக்கில் எடுங்கள். அறிவிப்பு வந்த நாளிலிருந்து தேர்தல் முடியும்வரை புது லைசென்ஸ் கொடுக்க மாட்டார்கள். 2024 மார்ச் 16-ல் மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது, ஜூன் 4-ல் முடிவு. என் கோப்பு அந்த மூன்று மாதமும் மேசையிலேயே இருந்தது. அந்த இடைவெளியில்தான் ஊருக்குப் போய் நகலை வாங்கினேன்.

என் செலவு: நகல், மொழிபெயர்ப்பு இரண்டு தடவை, நோட்டரி எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய். ஊருக்குப் போய்வந்தது 2,600. மருத்துவச் சான்று 2,200. வக்கீல் 18,000. வக்கீல் செலவைக் குறைக்க வழி இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வக்கீல் கிடைக்கும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இதையெல்லாம்விடப் பெரிய செலவு ஆயுதம்தான். கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரகம் போன்ற ஒன்றுக்கு லட்சம் ரூபாயை ஒட்டி எடுத்து வையுங்கள். லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று 'மொத்தமாக' ஒரு தொகை கேட்கிற ஏஜெண்டுகள் வருவார்கள். உங்கள் சிறார் வழக்கு விவரத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டால், அதை வைத்தே பிறகும் பணம் கேட்பார்கள். ஒரு காகிதமும் கொடுக்காதீர்கள்.

9. மறுத்துவிட்டால்

மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். வாய்வார்த்தையில் 'கிடைக்காது, போங்க' என்றால் ஏற்றுக்கொள்ளாமல், உத்தரவின் நகலைக் கேளுங்கள். பொது நலனுக்கு ஆகாது என்று அதிகாரி நினைத்தால் மட்டுமே காரணத்தைத் தராமல் இருக்க முடியும். ஆயுதச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு உண்டு. உத்தரவு கைக்கு வந்ததும் நாளை எண்ணத் தொடங்கி, 30 நாளுக்குள் போட்டுவிடுங்கள். காரணம் பழைய வழக்கு மட்டும்தான் என்றால், மேல்முறையீட்டின் முதல் பத்தியே இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவாக இருக்கட்டும்.

10. கையில் கிடைத்தபின்

லைசென்ஸில் யு.ஐ.என். என்ற தனி எண் சரியாக இருக்கிறதா, பெயரும் முகவரியும் பிழையில்லாமல் இருக்கின்றனவா என்று கவுண்டரிலேயே பாருங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு செல்லுபடிக் காலம் ஐந்து வருடம், ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி வைத்திருக்கலாம். வாங்குவதற்கும், வாங்கியதைக் காட்டிப் பதிவதற்கும் உள்ள கெடுவைக் காலண்டரில் குறியுங்கள். தேர்தல் சமயத்தில் ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்லி நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால், கொடுத்துவிட்டு ரசீதை வாங்கி லைசென்ஸோடு வையுங்கள்.

கடைசியாக, எந்த எல்லைவரை செல்லும் என்ற வரியைப் படியுங்கள். என்னுடையதில் கர்நாடகா மட்டும். ஓசூர் கடைகளுக்கு நகை கொண்டுபோகிற நாளில் துப்பாக்கியைப் பட்டறை லாக்கரில் வைத்துப் பூட்டி, சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். மாநில எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளி தாண்டி அது என் இடுப்பில் இருந்தால், லைசென்ஸ் இருந்தும் ஆயுதச் சட்ட வழக்குதான். இந்த முறை எனக்குப் பதினாறு வயதும் இல்லை.